புது பேட்டரி போட்டும் ரெண்டு நாள் நிறுத்தினா வண்டி எடுக்கல, கரண்ட் எங்க போகுது?

காட்பாடி_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2015 மாடல் டீசல் ஹேட்ச்பேக். கம்பெனி பேரு வேணாம், சொன்னா "அந்த வண்டியை ஏன் வாங்கினீங்க"ன்னு ஒரு கூட்டம் வந்துடும். பேட்டரி 50 ஆம்பியர் ஹவர், தண்ணி ஊத்த வேண்டாத சீல்டு வகை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து வந்து போர்ட்டிகோவுல நிறுத்தறேன். திங்கள் காலையில சாவியைத் திருப்பினா 'டக்டக்டக்'னு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்குது, கடிகாரம் 12:00-க்குப் போயிடுது. வார நாள்ல தினமும் எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. எங்க வீடு காந்தி நகர், ஸ்கூல் பாலாத்துக்கு அந்தப் பக்கம். விருதம்பட்டு தாண்டி, பாலம் ஏறி, கிரீன் சர்க்கிள்ல நின்னு நின்னு போறதுக்குள்ள அரை மணி ஆகும். அதனால "ஓட்டமே இல்லை"ன்னு சொல்லிட முடியாது.

பழைய பேட்டரி நாலு வருஷத்துக்கு மேல உழைச்சது. அது போனப்போ, வேலூர் வெயிலுக்கு இதுவே அதிகம்னு மாத்திட்டோம். புதுசு போட்டு கொஞ்ச வாரத்துல அதே கதை. கடையில எடுத்துப்போய் சார்ஜ் ஏத்திக் கொடுத்தாங்க. ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது, கடைக்காரங்க டைனமோன்னு சொல்வாங்க) நல்லா இருக்கான்னு கேட்டதுக்கு, அந்தப் பையன் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிக் காட்டி, "பாருங்க மேடம், வண்டி நிக்கல, டைனமோ சூப்பர்"னான். இப்ப, "தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க, இல்லன்னா இதைவிடப் பெரிய பேட்டரி போடலாம்"ங்கறாங்க.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கறவ. அளக்காம இன்னொரு பேட்டரிக்குப் பணம் கொடுக்கறதா இல்லை. மல்டிமீட்டர் கையில இருக்கு. இதுவரை எடுத்த ரீடிங்:

ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்தி, சார்ஜரை எடுத்துட்டு சில மணி நேரம் விட்டப்புறம் 12.6 வோல்ட்.
இன்ஜின் ஐடிலிங்ல 14.1. ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டா 13.2.
திங்கள் காலை சாவி போடறதுக்கு முன்னாடி 11.9. செல்ஃப் அடிக்கும்போது 8.4 வரைக்கும் இறங்குது.

கம்பெனியில வராம நாங்க மாட்டினது: ஒரு மியூசிக் சிஸ்டம், சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபயர் (வீட்டுக்காரர் ஆசை), ரிவர்ஸ் கேமரா. எங்கேயோ கசியுதுன்னு கணக்கு சொல்லுது. எந்த வரிசையில தேடணும்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

குடியாத்தம்_வண்டி:

இவ்ளோ மெனக்கெடுவானேன் டீச்சர். நெகட்டிவ் டெர்மினல்ல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டுங்க. வெள்ளிக்கிழமை திருகிக் கழட்டுங்க, திங்கள் மாட்டுங்க. எங்க வீட்ல அப்படித்தான் ஓடுது. கடிகாரமும் ரேடியோ ஸ்டேஷனும் அழிஞ்சுடும், அதான் ஒரே தொல்லை.

பாகாயம்_பையன்:

கடைக்காரர் சொன்னது சரிதான் அக்கா. டெய்லி பத்து நிமிஷம் ஐடிலிங்ல விட்டா போதும். எங்க மாமா ஃபாரின்ல இருக்கும்போது அவர் வண்டிய நான் அப்படித்தான் பாத்துக்கறேன்.

முத்துக்கடை_எலக்ட்ரீஷியன்:

டீச்சரம்மா, ரீடிங் போட்டுட்டு கேட்டீங்க பாருங்க, அதுக்கே ஒரு கும்பிடு. இங்க பாதிப் பேரு "பேட்டரி டவுன், இன்னா பண்றது"ன்னு ஒத்த வரி எழுதிட்டுப் போயிடறாங்க. ராணிப்பேட்டை தோல் பேக்டரி லாரிங்க வயரிங்லயே என் பாதி ஆயுசு போச்சு, இப்ப கார் மட்டும்தான் பாக்கறேன்.

முதல்ல பாகாயம் தம்பிக்கு. டீசல் வண்டி செல்ஃப் அடிக்க 250 ஆம்பியர், மூணு செகண்டுன்னு வச்சுக்க. அது வெறும் 0.2 ஆம்பியர் ஹவர் தான். அதைப் பத்து நிமிஷ ஐடிலிங் ஈடு கட்டிடும், மேல கொஞ்சம் ஏத்தவும் ஏத்தும். நல்ல வண்டிக்கு அது போதும், உன் மாமா வண்டி நல்ல வண்டி. டீச்சர் வண்டி அப்படி இல்ல. வெள்ளி சாயங்காலத்துல இருந்து திங்கள் காலைக்குள்ள 12.6, 11.9 ஆகுதுன்னா பேட்டரியில முக்கால்வாசி காலி. சும்மா வச்சா மாசத்துக்கே ஏதோ அஞ்சு சதவீதம் இறங்கற சாமான் அது. நம்ம ஊரு கத்திரி வெயில்ல இன்னும் கொஞ்சம் கூட இறங்கும், அவ்ளோதான். இது ராத்திரியெல்லாம் யாரோ குடிக்கற கணக்கு. அவனைப் பிடிக்காம நீங்க 80 ஆம்பியர் பேட்டரி போட்டாலும் திங்கள் போயி செவ்வாய் நிக்கும், அவ்ளோதான் வித்தியாசம்.

கட்-ஆஃப் சுவிட்ச் தப்பில்ல. ஆனா கசியறது இன்னான்னு தெரியாம மூடி வைக்கக் கூடாது. சில கசிவு சூடாகும், வயரு கருகும்.

இப்ப வேலை. கையில வளையல், மோதிரம் இருந்தா கழட்டிடுங்க, தாலிச் செயினை உள்ள விட்டுக்கோங்க. பாசிட்டிவ்ல ஸ்பானர் பட்டு அது பாடில மோதினா தங்கம் உருகிக் கையில ஒட்டிக்கும், பாத்திருக்கேன். கண்ணாடிய இறக்கி வச்சிட்டு கதவெல்லாம் மூடுங்க. பானெட் தெறந்துதான் வேலை செய்யணும், ஆனா பானெட் லாக்கை ஒரு ஸ்க்ரூடிரைவரால அமுக்கி மூடின மாதிரி பண்ணிடுங்க. இல்லன்னா வண்டி முழிச்சிகினே இருக்கும். வேலை முடிஞ்சதும் லிவர இழுத்து லாக்கை விட மறந்துடாதீங்க. சாவிய வீட்டுக்குள்ள தூரமா வைங்க.

மீட்டர்ல சிவப்பு வயர 10 ஆம்பியர் துளைக்கு மாத்துங்க. நெகட்டிவ் கிளாம்ப்பைத் தளர்த்தி, தூக்கறதுக்கு முன்னாடியே மீட்டரோட ஒரு முனைய கிளாம்ப்லயும் இன்னொண்ண பேட்டரி போஸ்ட்லயும் பிடிச்சிகினு அப்புறம் கிளாம்ப்பைத் தூக்குங்க. கரண்ட் அறுந்து திரும்ப வந்தா வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் பெட்டிங்க எல்லாம் முழிச்சிகினு கரண்ட் இழுக்கும். அந்த நிலையில சாவி போடக் கூடாது, செல்ஃப் அடிக்கவே கூடாது. அடிச்சா மீட்டர்ல இருக்கற ஃபியூஸ் போயிடும்.

மாட்டினதும் வர்ற நம்பரை நம்பாதீங்க. முதல்ல ரெண்டு மூணு ஆம்பியர் கூடக் காட்டும். அரை மணி விடுங்க. ஒவ்வொரு பெட்டியா தூங்கப் போகும். எல்லாம் தூங்கினப்புறம் 0.05-க்குள்ள நின்னா வண்டி சுத்தம். கடிகாரம், ரிமோட் லாக், ஈசியூ (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) நினைவு இதுக்கெல்லாம் அவ்ளோ வேணும். அதுக்கு மேல நின்னா ஃபியூஸ் பக்கம் போங்க.

ஃபியூஸைப் பிடுங்காமலே பாக்கலாம். பிளேடு ஃபியூஸ் தலையில ரெண்டு பக்கமும் சின்னதா உலோகம் தெரியும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்ல வச்சு ரெண்டு முனையும் தொட்டுகினே போங்க. பூஜ்யம்னா அந்த லைன்ல ஓட்டம் இல்ல. 10 ஆம்பியர் ஃபியூஸ்ல 1 மில்லிவோல்ட் வந்தாலே சுமாரா 130 மில்லி ஆம்பியர் ஓடுது. டிக்கி லைட், முன்னாடி டப்பா லைட், சார்ஜர் சாக்கெட்ல தொங்கற சாமான் இதெல்லாம் மொதல்ல கண்ணால பாத்துடுங்க. டிக்கிக்குள்ள போனை வீடியோவுல போட்டு வச்சு மூடிட்டு அப்புறம் எடுத்துப் பாத்தா விளக்கு அணையுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். உங்க ரீடிங்ல எனக்கு உறுத்தறது அந்த 13.2 தான். லோடு போட்டா கொஞ்சம் இறங்கும், சரி. 0.9 இறங்கறது ஜாஸ்தி. அதை மனசுல வச்சிக்கங்க.

காட்பாடி_டீச்சர்:

ரொம்ப நன்றி அண்ணா. சனிக்கிழமை லீவுங்கறதால காலையிலயே, வெயில் ஏறறதுக்குள்ள, உட்கார்ந்தேன். எதிர் வீட்டு மாமி "டீச்சர், வண்டிக்கு வைத்தியமா?"ன்னு காம்பவுண்டு மேல சாஞ்சு நின்னுட்டாங்க, நகரவே இல்லை.

மாட்டினதும் 2.8. நீங்க சொன்ன மாதிரியே படிப்படியா இறங்கிச்சு. அரை மணிக்கு அப்புறம் 0.52 ஆம்பியர்ல நின்னுடுச்சு, அதுக்குக் கீழ வரவே இல்லை. அப்போ ஒரு நாளைக்கு 12.5 ஆம்பியர் ஹவர். ரெண்டு நாள்ல பாதி பேட்டரி. திங்கள் காலைக்கு 11.9 வர்றதுல ஆச்சரியமே இல்லை.

டிக்கி லைட் அணையுது, வீடியோவுல பார்த்தாச்சு. மில்லிவோல்ட்ல தொட்டுக்கிட்டே போனதுல மியூசிக் சிஸ்டம் ஃபியூஸ் மட்டும் மாட்டிச்சு. பிடுங்கினேன், 0.37 ஆச்சு. டேஷ்போர்டைக் கழட்டிப் பார்த்தா, மாட்டினவர் மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி, எப்பவும் கரண்ட் வர்ற லைன்ல கொடுத்து டேப் சுத்தி வச்சிருக்கார். மஞ்சள் நினைவுக்கு, அது எப்பவும் இருக்கலாம். சிவப்பு சாவி போட்டா மட்டும் வரணும். அதனால செட்டு அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் போற நீல வயர்ல 12 வோல்ட் நிக்குது. சிவப்பைப் பிரிச்சு சாவி லைனுக்கு மாத்தியாச்சு. வீட்டுக்காரரிடம் இதைப் பத்தி நான் ஒரு வார்த்தையும் சொல்லலை, முகத்தை மட்டும் காட்டினேன்.

ஆனா மீதி 0.37 அசையவே இல்லை. உள்ளே இருக்கற பெட்டி, பானெட்டுக்குள்ள இருக்கற பெட்டி, ரெண்டுலயும் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிப் பார்த்துட்டேன். ரிலேவையும் எடுத்தாச்சு. 0.34-க்கு வந்தது, அதுக்கு மேல இறங்கலை. ஃபியூஸே இல்லாத வண்டியில கரண்ட் எங்கே ஓடுது?

முத்துக்கடை_எலக்ட்ரீஷியன்:

இதுக்குத்தான் காத்துகினு இருந்தேன். நீங்க பிடுங்கின ஃபியூஸ் எதுவும் இல்லாம பேட்டரியில இருந்து நேரா போற தடி வயருங்க ரெண்டு. ஒண்ணு செல்ஃப் மோட்டாருக்கு, இன்னொண்ணு டைனமோவுக்கு. சில வண்டியில டைனமோ லைன்ல பெரிய ஃபியூஸ் போல்ட் போட்டு முறுக்கி இருக்கும், அதை யாரும் பிடுங்கறதில்ல. செல்ஃப் கசியறது அபூர்வம். அந்த 13.2-ஐயும் சேத்துப் பாத்தா டைனமோ டையோடு தான்.

நம்ம ஊர்ல போர்வெல் மோட்டார் வச்சிருக்கறவங்களுக்கு ஃபுட் வால்வு தெரியும். மோட்டாரை நிறுத்தினா தண்ணி திரும்பக் கீழ இறங்காம பிடிச்சிக்கும். வால்வு போச்சுன்னா குழாயில ஏத்தின தண்ணி பூரா கீழ போயிடும். டையோடு அந்த வேலைதான் செய்யுது. ஓடும்போது டைனமோவுல இருந்து பேட்டரிக்கு விடும், நின்னா பேட்டரியில இருந்து டைனமோவுக்கு விடாது. விட ஆரம்பிச்சா உங்க கதை.

உறுதி பண்ண ரெண்டு வழி. இன்ஜின் ஓட, ஹெட்லைட் போட்டு, மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பேட்டரி ரெண்டு முனையிலயும் பாருங்க. நல்ல டைனமோன்னா 0.1-க்குப் பக்கத்துல ஏதோ வரும். 0.5-க்கு மேல வந்தா டையோடு போச்சு. ஒரு எச்சரிக்கை: விலை குறைஞ்ச மீட்டருங்க ஏசியில வச்சா டிசியையே 27, 28-னு காட்டும். வயரைத் திருப்பிப் பிடிச்சா பூஜ்யம் காட்டும். அப்படி வந்தா அந்த மீட்டர் இந்த டெஸ்டுக்கு ஆகாது.

ரெண்டாவது, நெகட்டிவைக் கழட்டிட்டு (இது முக்கியம், டைனமோ போல்ட்ல எப்பவும் பேட்டரி கரண்ட் நிக்குது), டைனமோ பின்னாடி இருக்கற தடி வயரோட நட்டைக் கழட்டி, வயரை துணியில சுத்தி ஓரமா வச்சிட்டு, திரும்ப மீட்டரை நெகட்டிவ்ல சீரிஸா போட்டு அளங்க.

பழைய ஆளுங்க காலையில டைனமோவைத் தொட்டுப் பாப்பாங்க, கசிஞ்சா லேசா வெதுவெதுப்பா இருக்கும். மே மாசம் வேலூர்ல எல்லாமே வெதுவெதுப்புதான், அதனால நான் அந்த வழியச் சொல்றதில்ல.

காட்பாடி_டீச்சர்:

ஏசி ரீடிங் 0.6. வயரைத் திருப்பிப் பிடிச்சாலும் அதேதான், என் மீட்டர் நல்ல மீட்டர். ஆல்டர்னேட்டர் வயரைக் கழட்டி, எல்லா ஃபியூஸையும் திரும்ப மாட்டி, அரை மணி விட்டு அளந்தேன். 0.03.

கணக்கும் சரியா வருது. மொத்தம் 0.52, ஆம்ப்ளிஃபயர் 0.15, ஆல்டர்னேட்டர் 0.34, வண்டியோட நியாயமான பங்கு 0.03.

ஒரு சந்தேகம் அண்ணா. மூணு ஃபேஸ், ஆறு டையோடு. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து எர்த்துக்குப் போகணும்னா மேல ஒரு டையோடு, காயில், கீழ ஒரு டையோடு, இப்படி ரெண்டைக் கடக்கணும். மேல ஒண்ணு கெட்டாலும் கீழ இருக்கறது தடுக்கணுமே? போர்டுல படம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணு கெட்டதுக்கு இவ்வளவு கசிய வழியில்லை.

முத்துக்கடை_எலக்ட்ரீஷியன்:

நியாயமான கேள்வி. எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க ஒருத்தனும் கேட்டதில்ல. ரெண்டு விதமா நடக்கும். மேலயும் கீழயும் ஆளுக்கு ஒண்ணு கெட்டிருக்கும். இல்லன்னா, சில டைனமோவுல ரோட்டார் காயிலுக்குன்னு தனியா மூணு சின்ன டையோடு இருக்கும். மேல ஒண்ணு ஷார்ட்டானா அது வழியா ரோட்டாருக்குப் போயி ரெகுலேட்டர்ல எர்த் ஆகும். ரெண்டாவது விதத்துல கசிவு பெரிசா இருக்கும், ஒரே ராத்திரியில படுத்துடும். 0.34-ன்னா மொதல் விதம்னு என் கணிப்பு. கழட்டினதும் எழுதுங்க.

முழு டைனமோ மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. டையோடு பிளேட் தனியா கிடைக்கும். தெறந்ததுக்கு பிரஷ்ஷையும் பேரிங்கையும் பாத்துக்கச் சொல்லுங்க.

அப்புறம் அந்தக் கடைப் பையன். இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழட்டறது அந்தக் காலத்து லாரி டைனமோவுக்கு நடந்த வித்தை. இப்ப வண்டிங்கள்ல பேட்டரிதான் கரண்ட் குதிக்காம பிடிச்சிகினு இருக்கு. அதைச் சட்டுன்னு எடுத்தா ஒரு நொடி வோல்ட் பல மடங்கு எகிறும். டையோடும் போகலாம், ஈசியூவும் போகலாம். உங்களுக்கு அவன் கழட்டறதுக்கு முன்னாடியே தொல்லை இருந்துச்சு, அதனால அவனாலதான்னு சொல்ல முடியாது. ஆனா இருந்ததைப் பெருசாக்கி இருக்கலாம். இதைப் படிக்கறவங்க யாரா இருந்தாலும், அப்படி டெஸ்ட் பண்றேன்னு ஸ்பானரோட வந்தா கையப் பிடிச்சிக்கங்க.

காட்பாடி_டீச்சர்:

உங்க கணிப்பு சரி அண்ணா. பிளேட்டை வெளியே எடுத்ததும் டையோடு மோடுல நானே அளந்தேன். நல்லது ஒரு பக்கம் 0.5 சொச்சம் காட்டி, திருப்பினா ஓப்பன். மேல் வரிசையில ஒண்ணும் கீழ் வரிசையில ஒண்ணும் ரெண்டு திசையிலயும் ரீடிங் கொடுக்குது. பிளேட், பிரஷ், கூலி எல்லாம் சேர்த்து பேட்டரி விலையில பாதி கூட ஆகலை. இப்ப லோடு போட்டா 13.9, ஏசி ரீடிங் 0.05. பாட்டு போட்டா ஸ்பீக்கர்ல ஆக்சிலரேட்டரோட சேர்ந்து ஏறி இறங்கற ஒரு 'ஙொய்' சத்தம் இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. வீட்டுக்காரர் அதை ஆம்ப்ளிஃபயர் கோளாறுன்னு வேற ஒண்ணு வாங்கறதா இருந்தார்.

பழைய பிளேட்டை வாங்கிட்டு வந்துட்டேன். பிளஸ் டூவுக்குக் குறைக்கடத்தி பாடம் வரும்போது பசங்க கையில கொடுக்கப் போறேன்.

கேட்க வேண்டியது ஒண்ணு பாக்கி. அத்தனை வாரம் அடியோட இறங்கி இறங்கி ஏறின பேட்டரி இது. தேறுமா?

முத்துக்கடை_எலக்ட்ரீஷியன்:

கொஞ்சம் அடி வாங்கித்தான் இருக்கும். கார் பேட்டரி அடியோட இறங்கறதுக்குப் பண்ணினது இல்ல, இறங்கின நிலையில கிடந்தா தகட்டுல சல்பேட் உறைஞ்சிடும். டைனமோவை நம்பாம சார்ஜர்ல 5 ஆம்பியர் வச்சு முழுசா ஏத்துங்க, பத்துப் பன்னெண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் நெகட்டிவைக் கழட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில 12.6 நின்னு, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழ போகலன்னா ஓட்டுங்க. 12.4-க்கு இறங்கினா வாரண்டியில கேளுங்க. எழுதி வச்ச ரீடிங்கையும் கையில கொண்டு போங்க, கடைக்காரர் பேச்சே மாறும்.

கண்ணமங்கலம்_லோடு:

அண்ணா, இதைப் படிச்சிட்டு என் மினி லோடு வண்டியில அளந்தேன். கசிவு 0.04 தான். காலையில பேட்டரி 12.5 இருக்கு. ஆனா செல்ஃப் அடிச்சா முக்கி முக்கித்தான் சுத்துது. அடிக்கும்போது பேட்டரியில 10.8 நிக்குது, இறங்கவே மாட்டேங்குது. பேட்டரி மாத்தலாமா?

முத்துக்கடை_எலக்ட்ரீஷியன்:

10.8 நிக்குதுன்னா பேட்டரி மேல குத்தம் இல்ல, கரண்ட் செல்ஃபுக்குப் போய்ச் சேரல. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்ல, இன்னொண்ண இன்ஜின் பிளாக்ல பெயிண்ட் இல்லாத இடத்துல பிடிச்சிகினு ஒருத்தர விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல வந்தா எர்த் பட்டை துரு ஏறி இருக்கு. வரலன்னா பாசிட்டிவ் தடி வயர்லயும் அதே மாதிரி பாருங்க. எது எவ்ளோன்னு எழுதுங்க, அப்புறம் செல்ஃபைக் கழட்டறதா வேணாமான்னு பேசலாம்.